மூன்றாவது அழைப்பு

ஹுன்னஸ்கிரிய
2025 டிசம்பர் 4

அன்பின் றலியா ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

நீங்கள் உயிரோடு இருப்பதாக ஹில்மி சொல்கிறான். பள்ளிவாசல் லொறியில் அரிசி மூட்டைகளோடு தெல்தெனிய வரைக்கும் வந்து, ரோட்டு உடைந்த இடத்திலிருந்து நடந்தே ஏறி வந்திருக்கிறான். எங்களைத் தேடிப் பார்க்கச் சொல்லி நீங்கள்தான் அனுப்பினீர்களாம். "கட்டுகஸ்தோட்டைல ஊட்டு வாசல்ல கதிர போட்டு, கால்ல பிளாஸ்டரோட இருந்தாங்க. நான் என்ட கண்ணால கண்ட" என்று சத்தியம் செய்கிறான். நான் நம்பவில்லை. பாவம், என்னை ஆறுதல்படுத்தச் சொல்கிறான் என்றுதான் நினைக்கிறேன்.

ஏனென்றால் இங்கே ஆமிக்காரர்கள் இரண்டு பேரைத் தேடி மண்ணைத் தோண்டுகிறார்கள். ஒருவர் என் மாப்பிள்ளை, உங்கள் தம்பி. மற்றவர் நீங்கள். உங்கள் பெயரைக் கொடுத்தது நான்தான்.

புயல் அடித்த இரவு நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். கரண்ட் போய், போனும் செத்துப்போய், மகளை நடுவில் போட்டுக்கொண்டு நாங்கள் படுத்திருந்தோம். காற்று தகரத்தைப் பிடித்து உலுக்கியது. அந்தச் சத்தத்துக்குள் வெளியில் நின்று "ஸமீம்" என்று கூப்பிட்டீர்கள். அவர் எழும்பி உட்கார்ந்தார். "ராத்தாட கொரல்" என்றார். நான் எழும்பப் போனபோது கையைப் பிடித்து, "பொறு, இன்னம் கூப்புடட்டும்" என்றார். மூன்று தடவை கூப்பிட்டீர்கள். அதற்குப் பிறகு ஏதோ சொன்னீர்கள். எனக்கு விளங்கவில்லை. அவருக்கு விளங்கியது. "சரி ராத்தா, வாறேன்" என்று சொல்லி, டோர்ச்சை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து போனார்.

நான் சப்னாவைத் தூக்கிக்கொண்டு குசினிக் கதவடியில் வந்து வெகுநேரம் காத்து நின்றேன். உங்களுக்குத் தேத்தண்ணி ஊற்ற வேண்டும் என்று நினைத்தது நினைவிருக்கிறது. அப்போதுதான் மலை இறங்கியது. நாங்கள் படுத்திருந்த அறையும் மிளகு ஸ்டோரும் ரோட்டுக்குப் போகிற படிக்கட்டும் போய்விட்டன. குசினி மட்டும் நிற்கிறது.

நீங்கள் உண்மையிலேயே உயிரோடு இருந்தால் உங்கள் கையாலேயே எழுதுங்கள். உங்கள் கையெழுத்து எனக்குத் தெரியும். அவரை எங்கே வரச் சொன்னீர்கள் என்பதையும் எழுதுங்கள். எந்தப் பக்கம் தோண்டுவது என்று தெரியாமல் நிற்கிறார்கள்.

மஸீனா


கட்டுகஸ்தோட்டை
2025 டிசம்பர் 6

அன்பின் மஸீனாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம்.

இதோ என் கையெழுத்து. இருபத்தைந்து வருசம் பிள்ளைகளின் கொப்பி திருத்திய கை. நன்றாகப் பார்த்துக்கொள். நான் மௌத்தாகவில்லை. என்னை மண்ணுக்குள் தேட வைத்த ஆள் நீதான், அதற்கு உன்னை வேறொரு நாளைக்கு ஏசுகிறேன். இன்றைக்கு என்னால் முடியாது.

என் தம்பி இல்லை என்பதை உன் கடிதத்தில்தான் அறிந்தேன். ஹில்மி கடிதத்தை நீட்டிவிட்டு வாசலிலேயே நின்றான். உன் மச்சான் நளீர்தான் வாசித்துக் காட்டினார். பாதியில் கடிதத்தை மடித்துவிட்டார். மிச்சத்தை நானே பறித்து வாசித்தேன். இரண்டு நாளாக வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. பக்கத்து வீட்டு ஞானேஸ்வரி ரீச்சர்தான் இடியப்பம் கொண்டு வந்து தருகிறா. அவவின் வீட்டிலும் இடுப்பளவு ஆற்றுத் தண்ணீர் வந்து போனது.

இப்போது நான் சொல்வதைக் கேள். நான் அங்கே வரவில்லை. எப்படி வருவேன்? ஒக்டோபர் கடைசியில் குளியலறையில் விழுந்து கால் முறிந்ததை நீ அறிவாய். அறிந்தும் பார்க்க வரவில்லை, அதுவும் இருக்கட்டும். கக்கூசுக்குப் போகவே நளீரின் தோளைப் பிடிக்கிறவள், அந்தப் புயலில் உன் மலையில் ஏறி வந்து கூப்பிட்டேனா? போனும் எடுக்கவில்லை. எடுத்துப் பார்த்தேன், லைன் இல்லை. என் இலக்கத்தை நீ ஏற்கனவே தடுத்து வைத்திருந்தாய், அதைச் சொல்லவும் வேண்டாம்.

அதற்கான காரணத்தை நான் மறக்கவில்லை. நம்ம சொந்தத்துக்குள் ஸாகியின் கலியாண வீட்டில், எல்லாருக்கும் முன்னால், "அந்த மல ஒரு நாளைக்கு ஒங்கள மூடும், அப்ப தெரியும்" என்று சொன்னேன். நீ தட்டை வைத்துவிட்டு எழும்பிப் போனாய். முற்றத்தில் வெடிப்பு விழுந்திருக்கிறது என்று ஸமீமே என்னிடம் சொன்ன பிறகு வேறென்ன சொல்வது? கீழே வாருங்கள் என்று கெஞ்சிப் பார்த்து, அலுத்துப்போய்ச் சொன்னது. நீ அதை வாய் வைத்ததாக, சாபமாக எடுத்துக்கொண்டாய்.

காற்றுக்கு ஆயிரம் சத்தம் உண்டு. பயத்தில் காது எதையும் கேட்கும். நீ ரோட்டுப் பக்கமே தோண்டச் சொல். இல்லாவிட்டால் எங்காவது ஆஸ்பத்திரியில் பேர் தெரியாமல் கிடக்கிறானோ என்னவோ, நளீரை நாளைக்கு அனுப்பிப் பார்க்கிறேன். டவர் வேலை செய்யத் தொடங்கினால் யாருடைய போனிலாவது உடனே பேசு. சப்னா சாப்பிடுகிறாளா?

றலியா


ஹுன்னஸ்கிரிய
2025 டிசம்பர் 9

அன்பின் ராத்தாவுக்கு,

கையெழுத்து உங்களுடையதுதான். அல்ஹம்துலில்லாஹ். ஆமி ஐயாவிடம் போய் உங்கள் பெயரை வெட்டச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "எஹெனங் கவ்த நங்கி ஆவே?" என்றார். அப்படியானால் வந்தது யார் தங்கச்சி என்று கேட்கிறார்.

டவர் நேற்று வேலை செய்யத் தொடங்கிவிட்டது. என் சாச்சாவின் போன் என் கையிலேயே இருக்கிறது. உங்கள் இலக்கத்தைப் போட்டுவிட்டு, மணி அடிக்கும் முன்னமே வெட்டிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் குரலைக் கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது. கடைசியாக அதை எங்கே கேட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். நீங்களும் எடுக்க வேண்டாம். எழுதுங்கள், ஹில்மி நாள் விட்டு நாள் வருகிறான்.

காற்றின் சத்தம் என்று எழுதியிருந்தீர்கள். நான் ஹுன்னஸ்கிரியவில் பிறந்து வளர்ந்தவள். காற்றுக்கும் மனுசருக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும். உங்கள் குரலில் ஒரு இழுப்பு இருக்கிறது, 'ஸமீம்' என்பதில் 'மீ'யை இழுத்துக் கடைசியில் கொஞ்சம் ஏசுகிற மாதிரி முடிப்பீர்கள். அப்படியேதான் கேட்டது. அவருக்கு மட்டும் கேட்டிருந்தால் கனவென்று விடலாம். எனக்கும் கேட்டதே.

அவர் ஏன் உடனே போகவில்லை என்பது உங்களுக்கு விளங்கும். உங்கள் உம்மா உங்கள் இரண்டு பேருக்கும் சொல்லிக் கொடுத்த பழக்கம்தானே? இரவில் யாராவது வெளியில் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாவது தடவை வரைக்கும் வாய் திறக்கக் கூடாது. மனுசர் மூன்று தடவை கூப்பிடுவார்கள், மற்றது இரண்டோடு நின்றுவிடும். கலியாணம் முடித்த புதிதில் இதைச் சொல்லி அவரைக் கேலி செய்திருக்கிறேன். இப்போது சப்னா அப்படிச் செய்கிறாள். நாங்கள் இருக்கிற முகாமில் யார் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. விரலை மடக்கிக்கொண்டு நிற்கிறாள். மூன்றாவது தடவைதான் "என்ன?" என்கிறாள். நான் கூப்பிட்டாலும் அப்படித்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், யாரிடமும் சொல்லவில்லை. குரல் வந்தது ரோட்டுப் பக்கமிருந்து அல்ல. மேலே, ஓடையைத் தாண்டி, காட்டுப் பக்கமிருந்து வந்தது. உங்களைப் போலக் கண்டியிலிருந்து வருகிறவர்கள் அந்தப் பக்கத்தால் வர வழியே இல்லை என்று எல்லாரும் சொன்னதால் நானும் பேசாமல் இருந்துவிட்டேன். மண் அள்ளுகிற பெக்கோவும் ரோட்டுப் பக்கமே நிற்கிறது.

மண் இறங்கிய பிறகு குசினி ஜன்னலால் பார்த்தேன். எங்கள் டோர்ச் வெளிச்சம் எங்காவது ஆடுகிறதா என்று தேடினேன். ஆடுகிற வெளிச்சம் எதுவும் இல்லை. ஆனால் மேலே, காட்டு ஓரத்தில், ஒரு வெளிச்சம் அசையாமல் நின்றது. எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது. மனுசன் கையில் இருக்கிற வெளிச்சம் அப்படி நிற்காது. ஆயத்துல் குர்ஸி ஓதி ஜன்னலைச் சாத்தினேன். விடியும் வரைக்கும் இடுக்கால் தெரிந்துகொண்டே இருந்தது.

மஸீனா


கட்டுகஸ்தோட்டை
2025 டிசம்பர் 12

அன்பின் மஸீனாவுக்கு,

நளீர் எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் போய்விட்டு வந்துவிட்டார். பிரேத அறைகளிலும் பார்த்தார். வந்து வெகுநேரம் குளித்தார். ஸமீம் எங்கேயும் இல்லை.

எழுதக் கை வரவில்லை, ஆனாலும் மூத்தவள் நான்தான் சொல்ல வேண்டும். இங்கே பள்ளிவாசலில் கேட்டோம். உடல் கிடைக்காவிட்டாலும் மௌத்து உறுதி என்று வீட்டார் மனதறிந்து சொன்னால் காயிப் ஜனாஸா தொழலாம், கைம்பெண்ணாக நீ நாலு மாதம் பத்து நாள் இருக்க வேண்டிய இத்தாவும் தொடங்கலாம் என்கிறார் மௌலவி. உறுதியாகச் சொல்ல வேண்டியவள் நீதான், அவனைக் கடைசியாகக் கண்டது நீதானே. கிராம சேவகரும் மரண அத்தாட்சிக்கு உன் வாக்குமூலத்தைத்தான் கேட்பார். நீ மனைவியுமில்லாமல் கைம்பெண்ணுமில்லாமல் முகாமில் எத்தனை நாளைக்கு உட்கார்ந்திருப்பாய்? ஆட்கள் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். எவளோ குரல் கொடுத்து அவனை வெளியே எடுத்தாளாம் என்றுகூட ஒரு பேச்சு ஹில்மியின் காதுக்கு எட்டியிருக்கிறது. என் தம்பியைப் பற்றி அப்படி ஒரு கதை ஊருக்குள் உலவ நான் விடமாட்டேன்.

இந்தப் பொதியில் ஒரு வெள்ளைச் சேலை இருக்கிறது. உம்மாவின் இத்தாவுக்கு எடுத்து, உடுக்காமல் மிஞ்சியது. அலுமாரியிலிருந்து எடுத்துக் கழுவிக் காயவைத்து அனுப்புகிறேன். சப்னாவுக்கு இரண்டு சட்டையும் பால்மாவும் இருக்கின்றன.

ஜின், வெளிச்சம், கூப்பிடும் குரல் என்று பிள்ளைக்கு முன்னால் பேசாதே. அவள் விரலை மடக்குகிற பழக்கத்தை இப்போதே நிற்பாட்டு. உம்மா எங்களைப் பயமுறுத்தி வளர்த்தது போதும். நான் வகுப்பில் எத்தனை பிள்ளைகளுக்கு இதெல்லாம் மூடநம்பிக்கை என்று சொல்லிக் கொடுத்தவள்.

கடிதத்தை முடித்து மடித்துவிட்டேன். திரும்பத் திறந்து இதை எழுதுகிறேன். சும்மாதான் கேட்கிறேன், வேறு அர்த்தம் எடுக்காதே. அன்றைக்கு இரண்டாவது தடவை கூப்பிட்ட பிறகு, மூன்றாவது உடனே கேட்டதா? அல்லது இடையில் நேரம் போனதா?

றலியா


ஹுன்னஸ்கிரிய
2025 டிசம்பர் 15

ராத்தா,

உங்கள் கடைசி வரியை வாசித்துவிட்டு எழும்பி வெளியே போய்விட்டேன். சாச்சி பின்னால் வந்து என்ன என்ன என்று கேட்டா. ஒன்றுமில்லை என்றேன்.

அதை நான் எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை. ஆமிக்கும் சொல்லவில்லை, சாச்சிக்கும் சொல்லவில்லை. மூன்று தடவை என்றுதான் எல்லாரிடமும் சொன்னேன்.

இடையில் நேரம் போனது. நீண்ட நேரம். முதல் தடவையும் இரண்டாவது தடவையும் அடுத்தடுத்துக் கேட்டன. பிறகு ஒன்றுமில்லை. மழை மட்டும்தான். அவர் காதைக் கொடுத்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் முகம் மாறிவிட்டது. "ராத்தா இல்ல புள்ள. மத்தது. ரெண்டோட நின்டுட்டு" என்று சொல்லிப் படுத்துவிட்டார். போர்வையையும் இழுத்து மூடினார். நான் சப்னாவின் காதைப் பொத்தினேன். இரண்டு பேரும் ஓதினோம். எனக்குக் கண்கூடச் செருகியது.

அப்போதுதான் மூன்றாவது வந்தது. அது முந்திய இரண்டைப் போலவும் இல்லை. தொண்டைக்குள் தண்ணீர் போன மாதிரி அடைத்துக்கொண்டு வந்தது. கடைசியில் ஒரு இருமல். இருமலைக் கேட்டதும்தான் அவர் துள்ளி எழும்பினார். "இது ராத்தாதான்! மழைல நனஞ்சி இருமுறாங்க" என்றார். பேய் இருமாது என்று நானும் நினைத்தேன். அதற்குப் பிறகுதான் நீங்கள் ஏதோ சொன்னதும், அவர் சரி என்றதும்.

இப்போது நான் கேட்கிறேன். இடையில் நேரம் போனது உங்களுக்கு எப்படித் தெரியும்?

வெள்ளைச் சேலையைத் திருப்பி அனுப்புகிறேன். கோபத்தில் இல்லை. அவரைக் கூப்பிட்டது யார், எங்கே போகச் சொன்னது என்று தெரியாமல் நான் அதை உடுக்கமாட்டேன். மனதறிந்து சொல் என்கிறீர்கள். என் மனது ஒன்றையும் அறியவில்லை. கூப்பிட்டதற்குப் போன மனுசன். போன இடத்தில் யாரோடு இருக்கிறார், எப்போது திரும்புவார் என்றுதான் என் மனது ஒவ்வொரு அந்தியிலும் மஃரிபுக்கு கேட்கிறது. அவருக்காகச் சோற்றில் ஒரு கை எடுத்து வைத்துவிட்டுத்தான் நான் சாப்பிடுகிறேன். இதை வாசித்துவிட்டு என்னைப் பைத்தியம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் தெரிந்ததை மறைக்காதீர்கள் ராத்தா. உங்கள் தம்பி ஈர மண்ணுக்குள் இருக்கிறார்.

இனி நாலைந்து நாளில் தோண்டுவதை நிறுத்திவிடுவார்களாம்.

மஸீனா


கட்டுகஸ்தோட்டை
2025 டிசம்பர் 18

மஸீனா,

நான் கூப்பிட்டேன்.

இதை எழுதிவிட்டு அரை நாள் பேனையை வைத்துவிட்டேன். உன் முதல் கடிதம் வந்த நாளிலிருந்தே எனக்குத் தெரியும். தெரிந்தும் நம்பப் பயந்தேன். ரீச்சராக இருந்தவள் இதை எந்த வாயால் சொல்வாள்? உனக்குப் பைத்தியம் என்று எழுதுவது எனக்குச் சுகமாக இருந்தது. இருமலைப் பற்றி நீ எழுதியதற்குப் பிறகு அந்தச் சுகமும் போய்விட்டது.

அன்றிரவு நளீர் கீழே, ஞானேஸ்வரி ரீச்சர் வீட்டுச் சாமான்களை மேலே ஏற்றப் போயிருந்தார். நான் தனியே. போனில் லைன் இல்லை என்று தெரிந்தும் அழுத்திக்கொண்டே இருந்தேன். முற்றத்து வெடிப்பைத் தவிர வேறு நினைப்பே இல்லை. கலியாண வீட்டில் நான் சொன்ன சொல் திரும்பத் திரும்பக் காதில் வந்தது. பொறுக்க முடியாமல் கைத்தடியை ஊன்றி, சுவரைப் பிடித்துப் பிடித்துப் பின்கதவுக்குப் போனேன். எங்கள் பின்கதவு உங்கள் மலைப் பக்கம் பார்த்தது, நீ அறிவாய். திறந்ததும் மழை முகத்தில் அடித்தது. இருட்டைப் பார்த்துக் கூப்பிட்டேன். கேட்காது என்று தெரியும். ஆனாலும் கூப்பிட்டேன், இரண்டு தடவை.

கதவைச் சாத்தப் போனபோதுதான் அந்த நினைப்பு வந்தது. இரண்டோடு நிறுத்தினால் அவன் இது நானில்லை என்று படுத்துவிடுவானே என்று நினைத்தேன். ஏதோ அவனுக்குக் கேட்டுவிட்டது போல, அவன் அங்கே விரலை மடக்கிக்கொண்டு காத்திருப்பது போல, அவ்வளவு சாதாரணமாக வந்தது அந்த நினைப்பு. என்ன பைத்தியக்காரத்தனம் என்று வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மூன்றாவது தடவை கூப்பிடாமல் என்னால் உள்ளே வர முடியவில்லை மஸீனா. தொண்டை கிழியக் கூப்பிட்டேன். மழைத் தண்ணி வாய்க்குள் போய் இருமினேன். இருமிக்கொண்டே, "பெட்டிக்கல்லுக்குப் போ, புள்ளையும் கூட்டிக்கிட்டுப் பெட்டிக்கல்லுக்குப் போ" என்று சொன்னேன்.

பெட்டிக்கல் உங்கள் வீட்டுக்கு மேலே, ஓடையைத் தாண்டி இருக்கிற அந்தப் பெரிய சதுரப் பாறை. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக அதே வீட்டில் இருந்தபோது ஓடை பெருகினால் உம்மா எங்களை அங்கேதான் ஏற்றிவிடுவா. அந்தப் பாறை எந்த மழைக்கும் அசையாது. இருட்டில்கூட ஸமீம் அதற்கு வழி பிடிப்பான்.

அதற்குப் பிறகு நளீர் வந்து என்னை உள்ளே தூக்கிக்கொண்டு வந்தார். கால் மறுபடியும் வீங்கியது. அவரிடம் காற்றுப் பார்க்கப் போனேன் என்று பொய் சொன்னேன்.

இது எப்படி நடந்தது என்று என்னிடம் கேட்காதே. அல்லாஹ் அறிந்தவன். நீ கேட்டது எங்கே போகச் சொன்னேன் என்பதைத்தான். சொல்லிவிட்டேன். ஆமியைக் கெஞ்சிக் கூத்தாடியாவது பெட்டிக்கல் பக்கம் கூட்டிக்கொண்டு போ. நான் கூப்பிடாமல் இருந்திருந்தால் அவன் போர்வைக்குள்ளேயே இருந்திருப்பான். அதை நினைத்தால் என் வாயை நானே தைத்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

றலியா


ஹுன்னஸ்கிரிய
2025 டிசம்பர் 24

அன்பின் ராத்தாவுக்கு,

இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

இதற்குள் சாச்சா நளீர் மச்சானுக்குப் போன் எடுத்துச் சொல்லியிருப்பார். ஆனாலும் நீங்கள் என்னிடமிருந்து அறிய வேண்டும்.

ஆமி போய்விட்டது. பெக்கோவும் போய்விட்டது. நான் சாச்சாவையும் தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து கறுப்பையா அண்ணனையும் கூட்டிக்கொண்டு மேலே போகப் பார்த்தேன். பெட்டிக்கல் என்றதும் கறுப்பையா அண்ணன் நின்றுவிட்டார். அந்தக் கல்லடியில் அவர்கள் முனியாண்டிக்குச் சூலம் வைத்துக் கும்பிடுகிறார்கள். "தங்கச்சி, அன்னிக்கி ராத்திரி அந்தக் கல்லு மேல வெளிச்சம் இருந்துச்சு. லயத்துல எல்லாருமே பார்த்தோம். முனி காவலுக்கு எறங்கியிருக்காருன்னு கையெடுத்துக் கும்பிட்டுட்டுக் கதவ சாத்திட்டோம். வெளிய சொல்லக்கூடாதுன்னு இருந்தோம்" என்றார். அவருக்கு முனி, எனக்கு ஜின். எல்லாரும் கதவைத்தான் சாத்தியிருக்கிறோம்.

ஓடை வழி மாறியிருக்கிறது. இரண்டு பேரும் கயிறு கட்டி என்னைக் கடத்தினார்கள். கல் அப்படியே இருக்கிறது, ஒரு கீறல் இல்லை. கல்லுக்கு மேலே எங்கள் மிளகு காயவைக்கிற தறப்பாள். இரண்டு பக்கம் மரத்தில் கட்டி, மற்றப் பக்கங்களில் கல் வைத்து, உள்ளே ஒரு பிள்ளை நனையாமல் படுக்கிற அளவுக்கு இடம் செய்திருந்தது. பக்கத்தில் டோர்ச். இரண்டு கற்களுக்கு நடுவில் இறுக்கி, எங்கள் குசினிக் கதவைப் பார்க்க வைத்திருந்தது. நாங்கள் ஏறி வருகிற வழிக்கு வெளிச்சம் வைத்துவிட்டு, எங்களைக் கூட்டி வரத் திரும்பி இறங்கியிருக்கிறார்.

கல்லிலிருந்து கொஞ்சம் கீழே மண்ணைத் தோண்டியபோது கிடைத்தார். வீட்டுப் பக்கம் முகம் வைத்திருந்தார். சாரத்தாலும் இடுப்பு வாரினாலும் அடையாளம் சொன்னேன். அன்று பின்னேரம் அஸருக்கே ஜனாஸா தொழுது அடக்கினோம். கறுப்பையா அண்ணன் மையவாடி வாசல் வரைக்கும் வந்து நின்று அழுதார்.

அந்த வெளிச்சத்தைப் பார்த்து நான் ஜன்னலைச் சாத்தினேன் ராத்தா. அவர் எங்களுக்காக வைத்த வெளிச்சம். அதற்கு முன்னமே அவரை மண் மூடிவிட்டது, ஜன்னலைத் திறந்து வைத்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது என்று சாச்சா சொல்கிறார். எனக்கும் தெரியும். ஆனாலும் இரவில் எழும்பி ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் கூப்பிடாமல் இருந்திருந்தால் அவர் போர்வைக்குள்ளேயே இருந்திருப்பார் என்று எழுதினீர்கள். ஓம், இருந்திருப்பார். நானும் சப்னாவும் பக்கத்திலேயே படுத்திருப்போம். அந்த அறை இப்போது இல்லை. அவர் எழும்பிப் போனதால்தான் நாங்கள் குசினிக்கு வந்தோம். உங்கள் குரல் அவரை எடுத்துக்கொண்டது, எங்களை விட்டுவைத்தது. உங்கள் மேல் எனக்குக் கோபமும் இருக்கிறது, நன்றியும் இருக்கிறது, ஒன்று வரும்போது மற்றது போவதில்லை. வாயைத் தைத்துக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் இனி எழுதாதீர்கள். எனக்கு அழுகை வருகிறது.

இத்தா தொடங்கிவிட்டேன். சாச்சா வீட்டுப் பின்னறையில் இருக்கிறேன். திருப்பி அனுப்பிய வெள்ளைச் சேலை எனக்கு வேண்டும். ஹில்மியிடம் கொடுக்க வேண்டாம், பிளாஸ்டர் வெட்டியதும் நீங்களே கொண்டு வாருங்கள். இப்போது ரோட்டில் வேன் வருகிறது.

வரும்போது முற்றத்தில் நின்று என்னைக் கூப்பிட வேண்டாம். சப்னாவையும் கூப்பிட வேண்டாம், அவள் இன்னும் விரலை மடக்கிக்கொண்டுதான் நிற்கிறாள். கதவு திறந்திருக்கும். பேசாமல் உள்ளே வந்து என் பக்கத்தில் உட்காருங்கள். நான் உங்கள் முகத்தை நன்றாகப் பார்த்துக்கொண்ட பிறகு, ஏதாவது ஒன்று சொல்லுங்கள். பகல் வெளிச்சத்தில் வாருங்கள் ராத்தா. உங்கள் குரலை நான் முதலில் பகலில் கேட்க வேண்டும்.

மஸீனா